குளம், விதை, மலை: கன்னிவாடிப் பகுதியில் முடிவெடுப்பது யார்?

கோடையில் குளம் வற்றியதும் கரையோரம் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். வண்டல் எடுக்க அனுமதி வாங்கியாச்சு என்பார்கள். யார் கொடுத்தது, எத்தனை லோடு, எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. அந்தக் குளத்துத் தண்ணீரில் பாசனம் செய்யும் ஆயக்கட்டுக்காரரே சில சமயம் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று ஒதுங்கிப் போவார். ஐப்பசி மழையில் குளம் நிரம்பி, இருபது நாளில் தண்ணீர் இறங்கிப் போனால்தான் விஷயம் உறைக்கும்.

கன்னிவாடி, ரெட்டியார்சத்திரம் பகுதியில் விவசாயம் மூன்று விஷயங்களை நம்பி நடக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர், கையில் இருக்கும் விதை, மலையடிவாரக் காடு. இந்த மூன்றிலும் உள்ளூர்க்காரருக்குச் சட்டப்படி எவ்வளவு பேச்சுரிமை இருக்கிறது, அதை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். உரிமை இருப்பது தெரியாததால் விட்டுப்போனவைதான் இதில் அதிகம்.

உங்கள் குளம் யாருடையது?

பழனி மலையின் கீழ்மலைப் பகுதியில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி, குளங்களை நிரப்பிக்கொண்டே போய்க் குடகனாற்றில் சேருகிறது. குடகனாறு அமராவதியில் கலக்கிறது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் அடுத்த குளத்துக்குத் தண்ணீர். ஆகவே மேல்குளத்துக்காரர் எடுக்கும் முடிவு கீழ்க்குளத்துக்காரர் வயலில் தெரியும். பக்கத்தில் ஆத்தூர்ப் பகுதியில் ராஜவாய்க்காலுக்கும் குடகனாற்றுக்கும் தண்ணீர் பிரிப்பதில் பல ஆண்டுகளாக நடந்த தகராறு உங்களுக்குத் தெரிந்ததுதான். இரு பக்கமும் விவசாயிகள். இரு பக்கமும் பாத்தியதை பேசினார்கள்.

கன்னிவாடி பாளையமாகவும் பிறகு ஜமீனாகவும் இருந்த ஊர். அந்தக் காலத்தில் குளம் வெட்டியவரும், மடை திறக்கச் சொன்னவரும், தகராறு தீர்த்தவரும் ஏறக்குறைய ஒரே ஆட்கள். 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபின் தமிழகம் முழுவதும் ஜமீன் குளங்கள் அரசின் வசம் வந்தன. சிறிய குளங்கள் பல ஊராட்சி ஒன்றியங்களிடம் போயின. குடிமராமத்தும் மெல்ல மறைந்தது. ஜமீன் காலம் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. கூலியில்லாமல் கரை வேலைக்கு இழுக்கப்பட்டவர்களுக்கு அது என்ன காலம் என்று அவர்கள் பேரப்பிள்ளைகள் சொல்வார்கள். குடிமராமத்து வேலைக்கு வராதவரைக் கட்டாயப்படுத்த வெள்ளைக்காரர்கள் 1858-ல் ஒரு சட்டமே போட்டார்கள். ஆனால் குளத்துக்குப் பொறுப்பாளி யார் என்பது அன்று ஊருக்கே தெரிந்திருந்தது.

இன்று அதைத் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு இருக்கிறது. ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கர், அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் குளம் நீர்வளத்துறையிடம் இருக்கும். முன்பு பொதுப்பணித்துறை என்றோமே, அதுதான். அதற்குக் கீழே இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியக் குளம். ஊருணி, குட்டை போன்றவை ஊராட்சி அல்லது பேரூராட்சியிடம் இருக்கும். கன்னிவாடியும் ஸ்ரீராமபுரமும் பேரூராட்சிகள் என்பதால் அங்கே அலுவலகம் வேறு, முறையும் வேறு.

முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் உங்கள் குளத்தின் சர்வே எண், பரப்பு, எந்தத் துறை பெயரில் பதிவாகி இருக்கிறது என்று 'அ' பதிவேட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். குளத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். வரத்து வாய்க்காலுக்கும் மறுகால் ஓடைக்கும் தனித்தனி சர்வே எண்கள் இருக்கும். புல வரைபடத்தில் அதன் அகலம் எத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். பிறகு ஒரு நாள் நாலு பேர் சேர்ந்து, டேப்பும் வரைபடமும் எடுத்துக்கொண்டு, குளத்திலிருந்து மலையடிவாரம் வரை வாய்க்காலில் நடந்து பாருங்கள். வரைபடத்தில் பத்து மீட்டர் இருக்கும் வாய்க்கால் நேரில் இரண்டு மீட்டராக இருந்தால், மழை நன்றாகப் பெய்தும் குளம் ஏன் நிரம்பவில்லை என்பதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லி மனு கொடுக்கும்போது எந்தத் துறைக் குளம் என்பது முக்கியம். நீர்வளத்துறைக் குளமாக இருந்தால் 2007-ஆம் ஆண்டு குளங்கள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. மற்ற புறம்போக்கு நீர்நிலைகளுக்கு 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டம். மனுவில் சர்வே எண்ணும், வரைபட அளவும், நீங்கள் அளந்த அளவும் மூன்றும் இருக்கட்டும். 'வாய்க்காலைக் காணவில்லை' என்று பொதுவாக எழுதினால், மனு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

வண்டல் மண்: இலவசம்தான், ஆனால் கணக்கு வேண்டும்

தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959-ன்படி விவசாயிகள் குளங்களில் வண்டல் மண்ணைக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட அரசிதழில் பட்டியலிட்ட குளமாக இருக்க வேண்டும். முன்பு மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியிருந்த அனுமதியை 2024-ல் வட்டாட்சியர் அளவிலேயே பெறலாம் என்று மாற்றினார்கள். இணையவழியில் விண்ணப்பிக்கலாம். நிலத்தின் ஆவணம், அடங்கல் இவற்றுடன் போனால் போதும்.

நன்செய் நிலத்துக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது அளவு. ஒரு டிராக்டர் டிப்பரில் சுமார் 3 கன மீட்டர் என்று வைத்தால் நன்செய்க்கு 25 லோடு, புன்செய்க்கு 30 லோடு. இது அதிகமாகத் தெரியும். ஆனால் 75 கன மீட்டரை ஒரு ஏக்கரில் பரப்பினால் இரண்டு சென்டிமீட்டர் உயரம்கூட வராது. ஒரே வருடத்தில் மண் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். செம்மண், சரளை நிலத்தில் ஈரம் நிற்கும் நாட்கள் கூடும். அதுதான் முதல் பலன். ஏற்கெனவே களிமண் கலந்த நிலத்தில் போட்டால் லாபம் குறைவு, வடிகால் கெடவும் வாய்ப்புண்டு. அடிக்கும் முன் வண்டலில் ஒரு கிலோ மாதிரி எடுத்து மண் பரிசோதனை நிலையத்தில் உப்புத்தன்மையும் கார அமில நிலையும் பார்த்துவிடுங்கள். ஊர்ச் சாக்கடை சேரும் குளமாக இருந்தால் இது கட்டாயம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். மண் இலவசம், ஆனால் குளம் ஊருக்குச் சொந்தம். எங்கே, எவ்வளவு ஆழம் வெட்டுகிறார்கள் என்பதை ஆயக்கட்டுக்காரர்தான் கவனிக்க வேண்டும். கரை அடியிலும் மடைக்கு முன்னாலும் வெட்ட விடக்கூடாது, கரை பலவீனமாகும். ஒரே இடத்தில் கிணறு போல் குழி போட்டால் அந்தப் பள்ளத்துத் தண்ணீர் மடைக்கு ஏறாது. மாடும் பிள்ளைகளும் விழும் ஆபத்து தனி. உள்வாயில் பரவலாக, மேலிருந்து மடையை நோக்கிச் சரிவாக இருக்கும்படி எடுக்க வேண்டும்.

ஆழத்தில் இன்னொரு விஷயம். கறுப்பு வண்டல் முடிந்து அடியில் சரளையோ மணலோ தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். குளத்து அடியில் படிந்த களிப்படலம்தான் தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. அதை உடைத்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும். கிணற்றுக்காரருக்கு அது நல்லது, மடைப் பாசனக்காரருக்கு நஷ்டம். மடைப் பாசனமே நின்றுபோய், சுற்றிலும் கிணறுகள்தான் என்று ஆகிவிட்ட குளங்களில் தண்ணீர் இறங்கட்டும் என்றே ஊர் முடிவெடுக்கலாம். இரண்டில் எது வேண்டும் என்பது டிராக்டர் ஓட்டுபவர் தீர்மானிக்கும் விஷயம் இல்லை. அதைக் கிராமத்தில் பேசி, வெட்டுவதற்கு முன் முடிவு செய்ய வேண்டும்.

வண்டல் என்ற பெயரில் கிராவல் போவதைத் தடுக்கவும் வழி இதுதான். யார் யாருக்கு எத்தனை கன மீட்டர் அனுமதி என்ற பட்டியலைக் கேட்டு வாங்கிக் குளக்கரையில் ஒட்டுங்கள். ஒரு நோட்டில் லோடு எண்ணுங்கள். நிலமே இல்லாதவர் பெயரில் வண்டி வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

சங்கம் இருந்தால் என்ன லாபம்?

பாசனக் குளங்களில் விவசாயிகள் சேர்ந்து நிர்வாகம் செய்ய 2000-ஆம் ஆண்டு தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் அமைந்தால், ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்கள் உறுப்பினர்கள், தேர்தல் நடத்தி நிர்வாகிகள். தண்ணீர் பிரிப்பது, பராமரிப்பு, தகராறு தீர்ப்பது சங்கத்தின் வேலை. 2017-ல் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தபோது, வேலை மதிப்பில் 10 சதவீதத்தைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ விவசாயிகள் தர வேண்டும் என்று வைத்து, பாசனதாரர் சங்கங்கள் மூலம் வேலை நடக்கும் என்றார்கள். உண்மையான சங்கம் இருந்த இடங்களில் ஊர்க்காரரே வேலையைப் பார்த்துக்கொண்டார்கள். சங்கம் இல்லாத ஊரில் அவசரத்துக்கு ஒரு சங்கம் தோன்றும். அதில் யார் இருக்கிறார்கள் என்று ஆயக்கட்டுக்காரருக்கே தெரியாது. திட்டம் வந்தபிறகு சங்கம் தேடினால் இப்படித்தான் நடக்கும்.

சின்னக் குளமாக இருந்து, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சங்கம் அமையாவிட்டாலும், ஏழு பேர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம். மதுரையிலிருந்து செயல்படும் தானம் அறக்கட்டளை 1992 முதல் 'வயலகம்' என்ற பெயரில் இப்படித்தான் குளத்துக்கொரு சங்கமாக வளர்த்தது. கடைமடை நிலத்துக்காரர், குத்தகைக்கு உழுபவர், குளத்தில் ஆடுமாடு மேய்ப்பவர், மீன் பிடிப்பவர் இவர்களைச் சேர்க்காமல் தலைமடைக்காரர் மட்டும் வைத்திருக்கும் சங்கம் முதல் வறட்சியிலேயே உடையும்.

கிணற்றுத் தண்ணீரில் சட்டம் கைகொடுக்காது

நம் நாட்டில் நிலத்தடி நீர் நிலத்துக்காரருக்குச் சொந்தம் என்ற வழக்கம் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்தத் தமிழகத்தில் 2003-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 2013-ல் அதை ரத்தும் செய்துவிட்டார்கள். 1990-லிருந்து பம்புசெட் மின்சாரம் இலவசம். ஆகவே பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆயிரம் அடி போட்டால் கேட்க ஆளில்லை, நீங்கள் ஆயிரத்து இருநூறு போட்டாலும் கேட்க ஆளில்லை. இந்தப் போட்டியில் ஜெயித்த விவசாயியை நான் பார்த்ததில்லை. ரிக் வண்டிக்காரர்தான் ஜெயிக்கிறார்.

மகாராஷ்டிராவில் அகில்யாநகர் (முன்பு அகமதுநகர்) மாவட்டத்து ஹிவ்ரே பஜார் கிராமம் வறட்சிக்குப் பேர்போன ஊர். அங்கே 1990 வாக்கில் போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானபிறகு, கிராம சபையிலேயே சில முடிவுகள் எடுத்தார்கள். பாசனத்துக்குப் போர்வெல் கிடையாது, கரும்பும் வாழையும் வேண்டாம், ஒவ்வொரு வருடமும் பெய்த மழையை அளந்து அதற்கு ஏற்பப் பயிர். அரசு ஆணை எதுவும் இல்லை. ஊரே போட்டுக்கொண்ட கட்டு. நம் பகுதியில் அப்படியே செய்துவிட முடியாது. இங்கே நிலம் பிரிந்து கிடப்பதும் ஊருக்குள் சாதி, கட்சி என்று பிரிந்து கிடப்பதும் வேறு மாதிரி. ஆனால் அதில் ஒரு பகுதியை நாளைக்கே செய்யலாம்: அளப்பது.

பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுங்கள். மாதம் ஒரு நாள், காலையில் மோட்டார் போடும் முன், கயிற்றில் கல்லைக் கட்டி விட்டுத் தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று பார்த்து, பொதுச்சுவரில் எழுதுங்கள். தை மாதம் அந்த எண்ணைப் பார்த்தால் கோடைக்கு வாழையோ காய்கறியோ வைக்கத் தண்ணீர் தாங்குமா, எள்ளோ உளுந்தோ போதுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடன் வாங்கிச் சொட்டுநீர்க் குழாயும் நாற்றும் போட்டபின் சித்திரையில் லாரித் தண்ணீர் தேடுவதைவிட இது மலிவு.

விதையும் விலையும்

ரெட்டியார்சத்திரம் பகுதியில் வீரிய ஒட்டுப் பருத்தி விதை உற்பத்தி பல காலமாக நடந்தது. வேலை தெரிந்தவர்களுக்கு அதன் கஷ்டம் தெரியும். சாயங்காலம் மொட்டில் மகரந்தப் பைகளைக் கையால் நீக்கி, மறுநாள் காலை ஆண் செடிப் பூவை எடுத்து ஒவ்வொன்றாகத் தடவ வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. ஆனால் பெற்றோர் விதையைக் கொடுப்பது கம்பெனி, விலை வைப்பது கம்பெனி, முளைப்பு போதவில்லை என்று லாட்டைத் தள்ளுவதும் கம்பெனி. தனி ஆளாக விவசாயி என்ன பேசமுடியும்?

அந்த நிலையில்தான் இங்கே ரெட்டியார்சத்திரம் விதை உற்பத்தியாளர் சங்கம் உருவானது. கன்னிவாடியை மையமாக வைத்து வேலை செய்துவந்த எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் துணை நின்றது. சேர்ந்து நின்றபோது கம்பெனியிடம் ஒப்பந்தம் பேசவும், தகவலும் பயிற்சியும் பெறவும் ஒரு இடம் கிடைத்தது. அதே முயற்சியில் மகளிர் குழுக்கள் டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை போன்ற உயிரியல் பூச்சிக்கட்டுப்பாட்டுப் பொருட்களையும் தயாரித்தார்கள்.

இதில் ஏன் உள்ளூர்த் தயாரிப்பு முக்கியம் என்று சொல்கிறேன். டிரைக்கோகிரம்மா கண்ணுக்குத் தெரிவதே கஷ்டமான ஒரு குளவி. காய்ப்புழு, தண்டுத் துளைப்பான் இவற்றின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்து அழிக்கும். அரிசி அந்துப்பூச்சியின் முட்டையில் வளர்த்து அட்டையில் ஒட்டித் தருவார்கள். ஒட்டுண்ணி ஏறிய ஏழெட்டு நாளில் குளவி வெளியே வந்துவிடும். பார்சலில் ஒரு வாரம் கிடந்தால் உங்கள் கைக்கு வருவது வெறும் அட்டைதான். மருந்துக் கடை அலமாரியில் வைத்து விற்க முடியாத பொருள் இது; பக்கத்து ஊரில் தயாரானால்தான் பயன். அட்டை கட்டும் நாளுக்கு முன்னும் பின்னும் பூச்சிமருந்து அடிக்கக்கூடாது. அதுவும் உங்கள் வயலில் மட்டும் அடிக்காமல் இருந்தால் போதாது. பக்கத்து வயலும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

விதை விஷயத்தில் சட்டம் விவசாயி பக்கம் நிற்கிறது. 2001-ஆம் ஆண்டு பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, பதிவு செய்த ரகமாக இருந்தாலும் உங்கள் விளைச்சலிலிருந்து விதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பரிமாறவும், விற்கவும் உரிமை தருகிறது. கம்பெனிப் பெயர் அச்சிட்ட பையில் போட்டு விற்கக்கூடாது, அவ்வளவுதான். உரிமை இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றிலும் விதை எடுக்காதீர்கள். வீரிய ஒட்டு மக்காச்சோளம், வீரிய ஒட்டுத் தக்காளி இவற்றில் எடுத்த விதை அடுத்த முறை ஒரே மாதிரி வராது. அவற்றுக்கு நல்ல நாற்று வாங்குவதே சரி. ரெட்டியார்சத்திரத்திலேயே அரசின் காய்கறி மகத்துவ மையம் இருக்கிறது. குழித்தட்டு நாற்று அங்கே தயாராகிறது. சோளம், மொச்சை, அவரை, உளுந்து, எள், நாட்டுக் கத்தரி இவற்றில் விதை எடுத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். ஊருக்கு நாலு பேர் பொறுப்பெடுத்து, நோயில்லாத செடியைப் பூக்கும்போதே குறித்துவைத்து, தனியாக அறுத்துக் காயவைத்தால் போதும்.

சங்கத்துக்கு அடுத்த படி உற்பத்தியாளர் நிறுவனம். ரெட்டியார்சத்திரத்தில் அப்படி ஒரு நிறுவனமும் இருக்கிறது. கம்பெனிச் சட்டத்தில் பத்து விவசாயிகள் சேர்ந்தால் பதிவு செய்யலாம். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. மத்திய அரசு 2020-ல் அறிவித்த பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளியில் 300 பேர், மலைப்பகுதியில் 100 பேர் இருந்தால், உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை பங்குத்தொகைக்கு ஈடான மானியம், ஒரு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 15 லட்சம் என்று வைத்தார்கள். பணத்தைப் பார்த்துச் சேர்ந்த நிறுவனங்கள் பல இன்று பலகையோடு நிற்கின்றன. சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: போன வருடம் எத்தனை உறுப்பினரிடம் கொள்முதல் செய்தீர்கள்? ஒட்டன்சத்திரம் மார்க்கெட் விலையைவிட எவ்வளவு கூடக் கொடுத்தீர்கள்? இதற்குக் கணக்கு நோட்டைக் காட்டிப் பதில் வந்தால் சேரலாம்.

மலைவாழை சொல்லும் பாடம்

மேலே ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிப் பக்கம் மலைவாழை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். விருப்பாச்சி, சிறுமலை வாழை இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. ஆனால் ஒரு காலத்தில் மலை முழுக்க இருந்த இந்த வாழை முடிக்கொத்து நோயால் பெருமளவு அழிந்தது. குறியீட்டுச் சான்றிதழ் நோயைத் தடுக்காது.

இந்த நோய் வைரஸால் வருவது. பரப்புவது வாழை அசுவினி. நோய் தாக்கிய கன்றை நட்டாலும் வரும். இலைக்காம்பிலும் நடு நரம்பை ஒட்டியும் கரும்பச்சை நிறத்தில் விட்டுவிட்டுக் கோடுகள் தெரிவது முதல் அறிகுறி. பிறகு இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தார் வராது. வைத்தியமும் கிடையாது, மரத்தைக் கிழங்கோடு அழிப்பதுதான் வழி.

பலர் செய்யும் தவறு, கண்டதும் வெட்டிப் போடுவது. வெட்டினால் அதிலிருக்கும் அசுவினி பக்கத்து மரத்துக்குப் போய்விடும். முதலில் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டு அசுவினிக்கு மருந்து அடியுங்கள். அது செத்தபிறகு பக்கக் கன்றுகளோடு கிழங்கைத் தோண்டித் துண்டாக்கி அழியுங்கள். புதிதாக நடும்போது நோயில்லை என்று பரிசோதித்த திசு வளர்ப்புக் கன்று வாங்குங்கள்.

நீங்கள் ஒருவர் மட்டும் இதைச் செய்தால் பிரயோசனம் இல்லை என்பதுதான் சிக்கல். சரிவில் ஒரே ஒரு தோட்டக்காரர், அதுவும் ஊரில் இல்லாமல் குத்தகைக்கு விட்டிருப்பவர், நாலு நோய் மரத்தை விட்டுவைத்தால் அடுத்த வருடம் சரிவு முழுக்க வரும். ஆகவே மாதம் ஒரு நாள் எல்லாத் தோட்டத்தையும் சேர்ந்து சுற்றிப் பார்ப்பது, நோய் மரத்தை அன்றே குறிப்பது, உரிமையாளர் வராவிட்டால் ஊரே அழிப்பது என்று முன்கூட்டி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் செலவைப் பொதுவில் போட்டுக்கொண்டால் மறுப்பவர் குறைவார்.

காட்டோரம்

மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போட்டவருக்குக் காட்டுப்பன்றி பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு ஆணை வெளியிட்டது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியை ஒன்றும் செய்யக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் விடும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனப் பணியாளர்கள் சுடலாம். விவசாயி சுடக்கூடாது. இதை முடிவுசெய்ய ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை அலுவலர் கொண்ட கிராம அளவுக் குழு உண்டு. அடிவாரத்து நிலங்கள் பல முதல் ஒரு கிலோமீட்டருக்குள் இருப்பதால், அதிகம் பாதிக்கப்படுபவருக்கே இந்த ஆணையில் உதவி குறைவு. இதைக் குறையாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்களுக்கு மிஞ்சியது நிவாரணமும் வேலியும். சேதம் நடந்த உடனே போட்டோ எடுத்து, அறுத்துவிடாமல் வைத்து, கன்னிவாடி வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். சூரிய மின்வேலி போட்டால் 2023-ஆம் ஆண்டு மின்வேலி விதிகளைப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். மெயின் லைனில் நேராகக் கொக்கி போட்டால் பன்றியோடு பக்கத்து வீட்டுக்காரரும் சாவார்; வழக்கு கொலை வழக்காகும்.

மலைக் குடியிருப்புகளில் வாழும் பளியர்களுக்கு 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் தேன், கடுக்காய் போன்ற சிறு வனப்பொருட்களைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை தருகிறது. உரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கத் தொடங்குவது கிராம சபையும் அது தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவும்தான். குழுவில் மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். அடிவாரத்து விவசாயிக்கு இதில் என்ன என்று கேட்கலாம். ஓடையின் தலைப்பில் காடு நிற்பதும் எரிவதும் அங்கே இருப்பவர் கையிலும் இருக்கிறது.

ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மூலிகையோ வேறு உயிர் வளமோ வியாபாரத்துக்கு எடுத்துப் போகிறவரிடம் கட்டணம் வாங்க அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஊரில் அப்படி ஒரு குழு காகிதத்தில் இருக்கும். உறுப்பினர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

எங்கே போய்ப் பேசுவது

கிராம ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். குளம், வாய்க்கால் விஷயங்களை அன்று எடுப்பது பொருத்தம். வண்டல் எடுக்கும் கோடைக்கும் அது முன்னால் வருகிறது. எங்கே, எவ்வளவு ஆழம் என்பதை அன்றே தீர்மானமாக்கிவிடலாம். 2025 ஜனவரியில் நம் மாவட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தபோதும் கிராம சபை நின்றுவிடவில்லை. தலைவர் இல்லை என்று யாரும் தட்டிக்கழிக்க விடாதீர்கள்.

கன்னிவாடி, ஸ்ரீராமபுரம் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும் உண்டு. பெரும்பாலும் தெருவிளக்கு, சாக்கடையோடு முடிந்துவிடும். குளமும் வாய்க்காலும் அங்கேயும் பேசலாம்.

போகும்போது கோரிக்கையை எழுதி முன்கூட்டியே கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். தீர்மானம் என்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் தீர்மானம். எழுதும்வரை இருந்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, காலி இடம் விட்ட பக்கத்தில் கையெழுத்துப் போடாமல், நகல் கேட்டு வாங்குங்கள். அந்த நகலை வைத்துக்கொண்டு வட்டாட்சியரிடமோ நீர்வளத்துறையிடமோ போனால் நீங்கள் தனி ஆள் இல்லை. கூட்டம் முடிந்ததும் போண்டா சாப்பிடப் போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். பிறகு புத்தகம் பீரோவுக்குள் போய்விடும்.